இரு பக்கமும் பதில் சொல்லும் எழுத்து

நோட்டில் எட்டுக்கு எட்டாக 64 கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஆடிக்காற்று தாளைப் புரட்டாதபடி ஓரத்தில் ஒரு கூழாங்கல். இது சருப்பதோபத்திரத்துக்கான கட்டம். தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் கோமூத்திரி, மாலைமாற்று, நாகபந்தம், சக்கரம், சுழிகுளம் என்று வரும் மிறைக்கவிகளில் ஒன்று. செய்யுளுக்கு நாலடி, அடிக்கு எட்டெழுத்து. நாலையும் மேலிருந்து எழுதிவிட்டு, அதே நாலையும் கடைசி அடியில் தொடங்கி முதலடிவரை கீழே எழுத வேண்டும். கட்டம் நிரம்பிவிடும். பிறகு இடமிருந்து வலமாகப் படித்தாலும், வலமிருந்து இடமாகப் படித்தாலும், மேலிருந்து இறங்கினாலும், கீழிருந்து ஏறினாலும் அதே செய்யுள்தான்.

பார்த்தால் மலைப்பு. கணக்குப் போட்டால் மலைப்பு வேறு மாதிரி ஆகிறது. ஒவ்வொரு அடியும் திருப்பிப் படித்தாலும் மாறாதது என்பதால் அடியின் முதல் நாலெழுத்து போதும், மீதி நாலு அதன் நிழல். முதலடி முதல் நெடுவரிசையாகவும், இரண்டாமடி இரண்டாம் நெடுவரிசையாகவும் வர வேண்டும் என்பதால் அந்த நாலுக்கு நாலு சதுரத்திலும் மூலைவிட்டத்துக்கு இப்பால் இருப்பதே அப்பாலும் இருக்கும். ஆக, கவிஞன் தன் விருப்பப்படி தேர்கிற எழுத்துகள் 10. மற்ற 54 கட்டங்களும் அவன் கையில் இல்லை. மூலைவிட்டத்தில் விழும் நாலெழுத்தும் தலா நாலு கட்டத்தில் உட்காரும். மிச்சம் ஆறும் தலா எட்டுக் கட்டத்தில். அந்த ஆறில் ஓர் எழுத்தை மாற்றினால் எட்டு இடத்தில் பொருள் அசையும்.

இவ்வளவையும் இறுக்கிக் கட்டிய பிறகு அந்தப் பத்து எழுத்தும் ஏதாவது சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம். ஒற்றெழுத்து குறுக்கே வந்தால் திரும்பி வரும்போது சொல் இடறும். அதனால் கை தானாகவே கா, மா, வா, நீ என்று நெடில் பக்கம் போகிறது. திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றாகச் சீர்காழியில் சம்பந்தர் பாடிய பதிகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தப் பதிகத்தில் நாவைத் தடுக்கும் புள்ளியெழுத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நெடில்கள் மோதி மோதி, ஏதோ ஒரு மலைவாசி மொழியின் பாட்டுப் போல ஒலிக்கிறது. உரையாசிரியர் வந்து பதம் பிரித்தால்தான் அது தமிழென்றே தெரியும்.

*

பொட்டிப்புரத்துக்கு மேற்கே மலை. சாயங்காலம் நாலரைக்கே நிழல் ஊருக்குள் வந்துவிடுகிறது. தேவாரம் பக்கமிருந்தும் போடி பக்கமிருந்தும் வருகிற ஏலத்தோட்ட ஜீப்புகள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. மானாவாரிக் காட்டில் கடலையும் சோளமும் மொச்சையும். புளியமரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை சாய்த்து நிற்கின்றன. காற்று அடித்து அடித்து வளைத்த சாய்வு.

காலையில் தெருவில் கோலம். காற்றுக்கால மாதங்களில் பெண்கள் வாசலை நன்றாக நனைத்துவிட்டுத்தான் மாவைத் தொடுகிறார்கள். ஒரு வீட்டு வாசலில் சிக்குக்கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், வரைவதற்கு முன் முழுக் கோலமும் மனதில் வந்துவிடுமா என்று கேட்டேன். “அதெல்லாம் இல்ல தம்பி. புள்ளியச் சரியா வச்சுப்புட்டா கை தானாப் போகும். நடுவுல நின்னு யோசிச்சா போச்சு” என்றார். நிமிரக்கூட இல்லை.

தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி இந்தப் பதிலை வேறு மொழியில் எழுதினார். 1974இல் அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் கோலத்துக்கு இலக்கணம் உண்டு என்று காட்டினார்கள். வாக்கியத்தை விதிகளிலிருந்து வளர்த்தெடுக்கும் மொழியியல் அப்போது புதிது. சொற்கள் ஒரே கோட்டில் வரிசையாக வரும், அதனால் அதற்கு விதி எழுதுவது ஓரளவு எளிது. கோலமோ இரண்டு திசையிலும் வளர்வது. அதற்கு வேறு விதமான விதி தேவைப்பட்டது. பட மொழிகள் என்று கணினியியலில் ஒரு துறை நடக்கிறதே, அதன் தொடக்க கால ஆய்வுகளில் நம் வாசல் மாவும் இருக்கிறது.

வரி ஒரு திசையில் ஓடுவது. கோலம் இரண்டு திசையில் ஓடுவது. மிறைக்கவி, அதாவது சித்திரகவி, இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்று என்று எனக்குப் படுகிறது. அதன் உயிர் இருப்பது குறுக்குவெட்டில். ஓர் எழுத்து இந்தப் பக்கம் ஓடும் சொல்லுக்கும் அந்தப் பக்கம் ஓடும் சொல்லுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில்.

*

மலையிலிருந்து மாடுகள் இறங்கும் தடம். புழுதி முழங்கால் உயரம் எழும்புகிறது. நடந்துகொண்டே ஒரு காளை மூத்திரம் பெய்தது. புழுதியில் ஈரம் இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து ஒரு கோடாக விழுந்தது. கோமூத்திரி என்று பெயர் வைத்தவர் நிச்சயம் மாட்டுக்குப் பின்னால் நடந்தவர்தான். அரசவையில் இருந்துகொண்டு இப்படியொரு பெயர் தோன்றாது.

அதன் விதி எளிது. செய்யுளின் இரு பாதிகளையும் மேலும் கீழுமாக எழுத வேண்டும். மேல்வரியின் முதலெழுத்து, கீழ்வரியின் இரண்டாமெழுத்து, மறுபடி மேல்வரியின் மூன்றாவது என்று அந்த ஈரக்கோட்டின் போக்கில் படித்தாலும் அதே செய்யுள் வர வேண்டும். அதாவது ஒன்றுவிட்டு ஒரு எழுத்து இரண்டு வரிக்கும் பொது. மிறைக்கவிகளில் கை பழக ஏற்றது இதுவே. நாகபந்தம் இதைவிடச் சிக்கல்: இரண்டு பாம்பு பின்னிக் கிடக்கும், ஒவ்வொன்றின் உடலிலும் ஒரு வெண்பா, உடல்கள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் உள்ள எழுத்து இரண்டு வெண்பாவுக்கும் உரியது. தேர் வடிவத்துக்கு எழுகூற்றிருக்கை. ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என எண்கள் ஏறி இறங்கி ஏழுவரை தட்டுத் தட்டாகப் போகும். திருமங்கையாழ்வார் குடந்தை ஆராவமுதன்மீது பாடியது சாரங்கபாணி கோயிலில் தேர் உருவமாகவே இருக்கிறது. கும்பகோணம் போகிறவர்கள் நின்று விரலால் தடவிப் படிக்கிறார்கள். படிப்பதற்கு விரல் தேவைப்படும் கவிதை என்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

புலவரை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நாலாகப் பிரித்தபோது சித்திரகவிக்கு ஓர் இருக்கை இருந்தது. பின்னாளில் அந்த இருக்கை வித்தைக்காரனுடையதாக ஆனது. மாறனலங்காரம் எழுதிய திருக்குருகைப் பெருமாள் கவிராயர் 16ஆம் நூற்றாண்டில் வகைகளைப் பெருக்கினார். மதுரைக்குப் பக்கம் விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற்கலைஞர் சித்திரகவி விளக்கம் என்று தனி நூலே எழுதினார். 1903இல் முப்பத்து மூன்று வயதில் போய்விட்டார். நாடகத்துக்கு இலக்கணம், ஆங்கில மாதிரியில் பதினான்கடிப் பாடல் என்று புதியதைத் தேடிக்கொண்டே இருந்த மனிதர், பாம்பும் சக்கரமும் வரைந்த இந்தப் பழைய கணக்குகளுக்கும் நேரம் ஒதுக்கினார். அவருக்கு இரண்டும் ஒரே ஆர்வமாகவே இருந்திருக்க வேண்டும். நமக்குத்தான் அது முரணாகத் தெரிகிறது.

உயிரோடு இருப்பது பாம்பன் சுவாமிகளின் சஸ்திரபந்தம். வேல் வடிவில் எழுதப்பட்டது. 1929இல் மறைந்தவரின் அந்தச் செய்யுளை முருகன் அடியார்கள் இன்றைக்கும் அட்டையில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள், செல்பேசியில் அனுப்புகிறார்கள். ஓதுகிறவர்களில் பலர் வேலின் எந்த இடத்தில் எந்த எழுத்து இருமுறை வருகிறது என்று பார்ப்பதில்லை. பார்க்காவிட்டால் என்ன, தமிழில் இன்று அதிகம் பேர் கையில் இருக்கும் படக்கவிதை அதுதான். நவீனக் கவிஞர் யாருக்கும் அந்தப் பிரதி எண்ணிக்கை வாய்க்காது.

*

மேற்கில் இதே வேலையை வேறு தொடக்கத்திலிருந்து செய்தார்கள்.

ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் சிறகு வடிவக் கவிதை 1633இல் அச்சானது. வரிகள் குறுகிக் குறுகி மறுபடி விரியும். பக்கத்தைத் திருப்பிப் பிடித்தால் சிறகு. மல்லார்மே 1897இல் பகடை பற்றிய நீண்ட கவிதையில் சொற்களைப் பக்கமெங்கும் சிதறவிட்டார். 1909 பிப்ரவரியில் பாரிஸ் நாளிதழ் ஒன்றின் முதல் பக்கத்தில் மரினெத்தி எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டார், ஐந்து ஆண்டு கழித்து வெடிகுண்டுச் சத்தத்தையே எழுத்துருவாக்கி ஒரு புத்தகம் போட்டார். 1916இல் சூரிச்சில் ஒரு சாராயக்கடை மேடையில் டாடாக்காரர்கள் பொருளற்ற ஒலிகளைக் கவிதை என்று வாசித்தார்கள். வெளியே போர் நடந்துகொண்டிருந்தது. பொருளுள்ள பேச்செல்லாம் படைத்தளபதிகளிடம் இருந்தபோது பொருளற்றதைப் பேசுவது ஒரு நிலைப்பாடு. போரில் தலையில் அடிபட்ட அப்போலினேரின் படக்கவிதைகள் 1918இல் தொகுப்பாக வந்தன, அதே ஆண்டு அவர் இறந்தார். மழையைப் பற்றிய கவிதையில் எழுத்துகள் சாய்ந்து ஒழுகுகின்றன.

இவற்றைப் பார்க்கும்போது என் மனம் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு பொருளின் வெளிக்கோட்டில் சொற்களை நிரப்புவது ஒன்று. சிறகோ, இதயமோ, கோபுரமோ வரைந்து உள்ளே வரிகளை ஊற்றுவது. வடிவத்தை எடுத்துவிட்டு நேராக எழுதினால் கவிதைக்கு நஷ்டமில்லை. வடிவத்தை எடுத்தால் கவிதையே இடிந்து விழுவது இன்னொன்று. நாகபந்தத்தில் பாம்பைப் பிரித்துவிட்டால் இரண்டு சுமாரான வெண்பாக்கள் மிஞ்சும். அவை ஓர் எழுத்தைப் பங்குபோட்டுக்கொண்டதுதான் அங்கே நடந்த செயல், அது போய்விடும். ஹெர்பர்ட் இரண்டாம் வகையைத் தொட்டிருக்கிறார், வரி குறுகும் இடத்தில் அவர் சொல்வதும் வறுமையைத்தான். கல்யாணப் பத்திரிகையில் குத்துவிளக்கு வடிவில் வாழ்த்து அச்சிடுகிறவர் முதல் வகை. மேற்கிலும் இங்கும் படக்கவிதை என்ற பேரில் வந்ததில் பாதிக்குமேல் குத்துவிளக்குதான் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நினைக்கிறேன். கோபித்தாலும் பரவாயில்லை.

1950களில் வந்தவர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் அகஸ்தோ, ஹரோல்தோ என்ற டி காம்போஸ் சகோதரர்களும் தேசியோ பிஞ்ஞாத்தாரியும் 1952இல் நொய்காந்திரஸ் என்று குழு அமைத்தார்கள். அதே காலத்தில் பொலிவியாவில் பிறந்து சுவிட்சர்லாந்தில் எழுதிக்கொண்டிருந்த ஆய்கன் கோம்ரிங்கரும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். மௌனம் என்ற ஒரே சொல்லை வரிசை வரிசையாக அடுக்கி, நடுவில் ஓரிடத்தை மட்டும் காலியாக விட்டார் அவர். சொல் இருக்கும் இடத்தில் பேச்சு, இல்லாத இடத்தில் மௌனம். உருவமில்லை, பாம்பில்லை, வேலில்லை. ஆனால் அந்த வெற்றிடத்தை நகர்த்த முடியாது. என் கட்டத்தில் மூலைவிட்டத்து எழுத்தை நகர்த்த முடியாதது போலத்தான்.

*

பொட்டிப்புரத்திலிருந்து கிழக்கே இறங்கினால் சின்னமனூர். சி. சு. செல்லப்பாவின் பெயரில் முதல் எழுத்தாக நிற்பது அந்த ஊர்தான். சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா. பிறந்தது வத்தலக்குண்டில், 1912இல். 1959 ஜனவரியில் அவர் சென்னையிலிருந்து ‘எழுத்து’ தொடங்கினார். 1970வரை 119 இதழ்கள். கட்டுக்கட்டாகப் புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு தமிழ்ப் புதுக்கவிதையின் முதல் முகவரி.

யாப்பை விட்ட அந்தக் கவிதைகள் வேறொன்றையும் செய்தன, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஓலையில் செய்யுள் வரி பிரிக்காமல், இடம் விடாமல், புள்ளிகூட வைக்காமல் ஓடும். எங்கே அடி முடிகிறது என்று காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. அச்சு வந்தபின் அடிகள் பிரிந்தன, ஆனாலும் பிரிவது காதின் கட்டளைப்படி. புதுக்கவிதையில்தான் வரி எங்கே முறிய வேண்டும் என்பதைக் கண் தீர்மானிக்கத் தொடங்கியது. ந. பிச்சமூர்த்தியின் கவிதையை ஒருவர் வாசிக்க நாம் கேட்டால் வரி முறிவு பாதி தெரியாது. பக்கத்தைப் பார்த்தால் தெரியும். வெள்ளைத் தாள் கவிதைக்குள் நுழைந்துவிட்டது.

புதுக்கவிதைக்காரர்கள் அதோடு நின்றார்கள். எழுத்தின் உருவத்தைக் கையிலெடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் புரிகிறது. சித்திரகவியும் யமகமும் மடக்கும் அவர்கள் எதிர்த்த புலமைச் செருக்கின் அடையாளங்கள். எதை உதறிவிட்டு வந்தார்களோ அதன் சாயல் எங்கும் தென்படக் கூடாது. அந்த வேகம் இல்லாமல் புதுக்கவிதை பிறந்திருக்காது. எனக்கு அதில் வருத்தமில்லை, வியப்பு மட்டும் உண்டு.

ஏனென்றால் ‘எழுத்து’ தொடங்கி இரண்டு வருடம் முடிவதற்குள், 1960 நவம்பரில், பாரிஸில் கவிஞர் ரேமோன் கெனோவும் பிரான்சுவா லெ லியோனேயும் ஊலிப்போ என்ற குழுவைத் தொடங்கினார்கள். கணிதக்காரர்களும் எழுத்தாளர்களும் கூடி, தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளில் எழுதிப் பார்ப்பதுதான் வேலை. கெனோ பத்து சானட்டுகளை வரி வரியாகக் கத்தரித்துப் புத்தகமாக்கினார். எந்த வரியோடு எந்த வரியையும் சேர்க்கலாம், பத்தைப் பதினான்கு முறை பெருக்கிய எண்ணிக்கையில் கவிதைகள் கிடைக்கும். ஜார்ஜ் பெரெக் 1969இல் பிரெஞ்சில் அதிகம் புழங்கும் உயிரெழுத்து ஒன்று ஓரிடத்திலும் வராமல் ஒரு நாவலை எழுதி முடித்தார். உலகம் வியந்தது, இன்னும் வியக்கிறது.

நம்மிடம் 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். உதடு ஒட்டும் எழுத்து ஒன்றுகூட வராது. ப இல்லை, ம இல்லை, வ இல்லை. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்று இதழ் குவியும் உயிர்களும் இல்லை. முருகன் என்று சொல்ல வழியில்லாமல் முருகனைப் பாட வேண்டும். அதன்மேல் யமகம், அதன்மேல் அந்தாதி. பெரெக் அந்த எழுத்தை இழந்ததை ஒரு துக்கமாக ஆக்கினார்: அவருடைய தாய் நாஜி முகாமில் மறைந்தவர், காணாமல் போன எழுத்தைத் தேடும் கதையில் அந்த வெறுமை இருக்கிறது. அந்தாதியில் அப்படி ஒரு துக்கம் இல்லை, சவால் இருக்கிறது, பக்தி இருக்கிறது. கட்டுப்பாடு ஒன்றுதான். அதை எதற்காகச் சுமக்கிறோம் என்பதில்தான் நவீனம் என்பது பிரிந்து போகிறது போலும். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு நானே அதைச் சந்தேகத்துடன் பார்க்கிறேன். அந்தாதியிலோ சம்பந்தரின் மாலைமாற்றிலோ துக்கம் இல்லை என்று எனக்கு யார் சொன்னது.

*

ஊரில் வெளியாள் என்று தெரிந்தால் முதல் கேள்வி, “நியூட்ரினோ விஷயமா வந்தீங்களா?” இல்லை என்றால் நம்புவதில்லை. பொட்டிப்புரத்தின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது அந்த மலையால்தான். அம்பரப்பர் மலைக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம் குடைந்து ஆய்வகம் அமைப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுற்றுவட்டாரத்தில் எதிர்ப்பு, வழக்குகள். 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாது என்று தெரிவித்தது. மலை அப்படியே இருக்கிறது. அதன் நியாய அநியாயம் இந்த நோட்டுக்கு அப்பாற்பட்டது. ஊர்க்காரர்கள் தண்ணீரைப் பற்றியும் மேய்ச்சலைப் பற்றியும் கேட்ட கேள்விகளுக்கு இயற்பியலில் மட்டும் பதில் தேடியது போதாது என்பது வரைக்கும் எனக்குத் தெளிவு.

நியூட்ரினோவைப் பிடிக்க அந்த ஆய்வகத்தில் வைக்கவிருந்த கருவியின் அமைப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 50,000 டன் இரும்பு, தகடு தகடாக அடுக்கியது. தகடுகளுக்கு நடுவே தட்டையான உணர்கருவிகள். ஒவ்வொரு உணர்கருவியின் ஒரு முகத்தில் பட்டைகள் நெடுக்காக ஓடும், மறுமுகத்தில் குறுக்காக. துகள் ஒன்று கடந்தால் நெடுக்கில் ஒரு பட்டையும் குறுக்கில் ஒரு பட்டையும் ஒரே கணத்தில் துடிக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் புள்ளி. ஒரு பட்டை மட்டும் துடித்தால் அதற்குப் பொருளில்லை. அடுத்த அடுக்கில் அடுத்த புள்ளி, அதற்கடுத்து இன்னொன்று, சேர்த்தால் வளைந்த கோடு. அது எந்தப் பக்கம் வளைகிறது என்பதிலிருந்து மின்னேற்றம் கூட்டலா கழித்தலா என்று தெரியும். இதன் சிறு மாதிரி, 85 டன், மதுரையில் இயங்கியது.

கோலம் போட்ட அந்த அம்மா வைத்த புள்ளிகளும் இப்படித்தான், வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கும் இடங்கள். வேறுபாடு, அங்கே புள்ளியை வைத்தவர் யார் என்று தெரியும்.

*

தமிழ்நாட்டில் எழுத்தின் உருவத்தைக் கையிலெடுத்தவர்கள் கவிஞர்கள் இல்லை, ஓவியர்கள்.

கே. சி. எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். மேற்கத்திய நவீனத்தை நகலெடுப்பதில் சலித்து, நம்முடையது என்று சொல்ல ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாணவனின் கணக்கு நோட்டுத் தாள்கள் தற்செயலாகக் கண்ணில் பட்டன. எண்கள், எழுத்துகள், குறிகள், முக்கோணங்கள். அதை அவர் பாடமாகப் படிக்கவில்லை, படமாகப் பார்த்தார். 1963இலிருந்து ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை வந்தது. ஜாதகக் கட்டங்கள், எந்திரத் தகடுகள், சமன்பாடுகள் போன்ற ஏதோ, மலையாளம் போலவும் தமிழ் போலவும் தெரியும் பொடி எழுத்து. குனிந்து படிக்கப் போனால் அது எந்த மொழியும் இல்லை.

இங்கேயும் ஒரு குறுக்குவெட்டு இருக்கிறது, அது தாளின்மேல் இல்லை. படிக்கும் பழக்கமும் பார்க்கும் பழக்கமும் நமக்குள் வெட்டிக்கொள்கின்றன. எழுத்து மாதிரி ஒன்றைக் கண்டால் படிக்காமல் இருக்க நம்மால் முடியாது. பணிக்கர் அந்தப் பழக்கத்தைக் கூப்பிட்டு, வாசலில் நிறுத்திவைக்கிறார். அதில் எனக்கு ஒரு சின்னக் குறையும் உண்டு: பழைய ஜோதிடச் சுவடியின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் கணக்கை விட்டுவிட்டது சில ஓவியங்களில் அலங்காரமாக நின்றுவிடுகிறது. நல்லவற்றில் அப்படி இல்லை. அங்கே அழுக்குப் பச்சையிலும் காவியிலும் அந்தப் பொய் எழுத்து ஏதோ அவசரமான செய்தியைச் சொல்ல வந்தது போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் அவர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் நிலம் வாங்கி எழுந்தது. அரசு கொடுத்ததல்ல. ‘எழுத்து’ நடந்துகொண்டிருந்த அதே ஊர், அதே ஆண்டுகள். தோளில் புத்தகக் கட்டோடு ஒருவர், கடற்கரை மணலில் துணிக்குச் சாயம் ஏற்றிக்கொண்டு ஒரு கூட்டம். இரு தரப்புக்கும் பாலமாகச் சில பேர் வந்தார்கள். அவர்களில் ஆதிமூலம் முக்கியம். 1938இல் பிறந்தவர், 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களால் பெயர் பெற்றவர். சிறுபத்திரிகைகளுக்கும் நூல் முகப்புகளுக்கும் அவர் எழுதிக்கொடுத்த தலைப்பெழுத்துகளைப் பார்த்தால் தமிழ் எழுத்துக்கு எலும்பு இருக்கிறது என்று தெரியும். கல்வெட்டின் வெட்டும் தூரிகையின் இழுப்பும் சேர்ந்த கோணல். அச்சு எழுத்தின் உருண்டைக்குப் பழகிய கண் அங்கே ஒரு நொடி தடுக்கும். கவிஞர்கள் செய்யாமல் விட்டதை அட்டையில் அவர் செய்தார். உள்ளே கவிதை வழக்கமான அச்சில் வந்தது.

*

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையை ஒட்டிய புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் மூன்று நடுகற்களைக் கண்டார்கள். தமிழ்-பிராமி எழுத்து. எழுத்துள்ள நடுகற்களில் நாட்டிலேயே மிகப் பழையவற்றில் சேர்ந்தவை, கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், ஆநிரை கவரும் பூசலில், இறந்த தீயன் அந்தவனுக்கு நட்டது. கூடலூர் என்று படித்ததும் இந்தப் பக்கத்து ஆளின் மனம் கம்பத்துக்கு அப்பால், மலை நெருங்கும் இடத்திலுள்ள கூடலூருக்குத்தான் போகும்.

கல் செதுக்கிச் சமப்படுத்தியதல்ல. கிடைத்த கல், கிடைத்த முகம். வீரனின் உருவம் இல்லை, வாள் இல்லை, குதிரை இல்லை. பிற்கால நடுகற்களில் படம் வந்து எழுத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும். இங்கே எழுத்து மட்டும்தான். கல்லின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வரி வளைகிறது. செதுக்கியவனுக்கு இதை அழகாகப் போட வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்று கேட்பது நம் காலத்தின் கேள்வி. அவனுக்கு இருந்தது கல்லும் பெயரும். அதைவிட இறுக்கமான கட்டுப்பாடு ஊலிப்போவிலும் கிடையாது.

*

கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதில் பழைய புலவருக்குக் குழப்பமே இல்லை. கொ ஓரெழுத்து, கௌ ஓரெழுத்து, புள்ளி வைத்த க் ஓரெழுத்து. குழப்பம் ஈய எழுத்தோடு வந்தது. அச்சுக்கோப்பவர் கொ என்பதை மூன்று துண்டாகப் பொறுக்கினார்: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். 1935இல் பெரியார் குடி அரசில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தம் 1978இல் அரசாணையானபோது துதிக்கை வைத்த லையும் னையும், வளைந்த ணாவும் றாவும் போயின. அச்சுக்கு வசதி. பார்வைக்கு ஒரு யானைக் கூட்டம் நஷ்டம். இந்தப் பள்ளத்தாக்கில் பழைய கட்டட முகப்புகளில் இன்னும் சில துதிக்கைகள் சிமெண்டில் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, பெயின்ட் அடிக்கும்போது யாரும் சீர்திருத்தவில்லை.

கணினியிலும் அந்த அச்சுக்கோப்பின் கதையே. கா என்பது அங்கே இரண்டு குறி: க ஒன்று, கால் ஒன்று. ஒரு மாலைமாற்றைத் தட்டச்சு செய்து, பின்னிருந்து முன்னாகத் திருப்பு என்று சாதாரண நிரலிடம் சொன்னால் அது குறிகளைத் திருப்பும், எழுத்துகளைத் திருப்பாது. காலெல்லாம் தன் எழுத்தை விட்டுக் கழன்று, பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆயிரத்து முந்நூறு ஆண்டாக இரு பக்கமும் ஒன்றாகப் படிக்கப்பட்ட பதிகம் ஒரே சொடுக்கில் உளறலாகிவிடும். இதைச் சரிசெய்யத் தமிழ் நிரலாளர்கள் முதலில் செய்ய வேண்டியிருந்தது, எழுத்து என்றால் எது என்று இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது. ஓப்பன் தமிழ் போன்ற இலவச நிரல் தொகுப்புகளில் சரத்தை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் பகுதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் மாலைமாற்று மறுபடி மாலைமாற்றாகிறது.

தமிழில் இனிமேல் படக்கவிதை எழுதப்போகிறவர்கள் அந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கழன்ற காலும் தனியே நிற்கும் கொம்பும் பிழை என்று திருத்தப்படும் வரைக்கும் திரையில் ஒரு நொடி இருக்கின்றன. தொல்காப்பியருக்குத் தெரியாத, பணிக்கருக்கும் கிடைக்காத உருவங்கள் அவை. பத்து எழுத்தை வைத்து 64 கட்டத்தை நிரப்பியவர்களின் பிள்ளைகள் அவற்றுக்கு ஒரு விதி கண்டுபிடிக்காமல் இருப்பார்களா.